ஓடுமா சார் இந்த வண்டி?

லாஸ் வேகாஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சீட்டாட்டம்தானே! என் ஆபீஸிலும் அப்படித்தான். நான் போகப்போகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்து ஸீட் நண்பர் ரகசியமாகக் காதைக் கடித்தார்... ‘‘என் பேர்ல ஒரு பத்து டாலர் வெச்சுப் பாருங்க சார்!’’

நான் போனது சூதாட அல்ல... போல்ட் - நட் விற்க! அம்பத்தூரில் கார் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. 2019 நவம்பரில் முதலாளியின் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னிடம் பாஸ்போர்ட்டும் இருந்தது, தோளில் பலமும் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது வீட்டில் ஒரு பஞ்சாயத்து பாக்கி. அப்பாவின் 1972 மாடல் அம்பாஸடர் மார்க்-2, நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ‘‘பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிட்டா, அந்த இடத்துல ரெண்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம்’’ என்பது என் மனைவியின் கட்சி. தம்பியும் அதே கட்சி. அப்பா வாயே திறக்கவில்லை. ‘‘திரும்பி வந்து முடிவு சொல்றேன்’’ என்று நழுவிவிட்டேன்.

‘செமா ஷோ’ என்பது அந்தக் கண்காட்சியின் பெயர். பந்தயக் கார் பாகங்கள் செய்யும் பட்டறைக்காரர்கள் 1963-ல் ஆரம்பித்த சங்கம். 1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் டாட்ஜர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தின் அடிப்பகுதியில் முதல் கண்காட்சி. 1977-ல் லாஸ் வேகாஸுக்குக் குடியேறினார்கள். 2019-ல் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. கழுத்தில் அட்டை தொங்கினால்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனதும்... அடேங்கப்பா!

ஒரு பிக்கப் லாரியைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட அண்ணாந்தேன் என்பது சரி. டயர் என் மார்பு உயரம். டிரைவர் ஸீட்டுக்கு ஏற மொட்டைமாடி ஏணி வேண்டும்! அடியில் இருக்கும் ஸ்பிரிங், கம்பி எல்லாவற்றுக்கும் மிட்டாய் கலரில் பெயிண்ட். பக்கத்திலேயே நேர்மாறாக இன்னொன்று... வயிறு தரையில் படுகிற மாதிரி படுத்துக் கிடந்தது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரில் அதன் ஆயுசு அரை நிமிஷம்!

ஃபோர்டு அரங்கில் மின்சார மஸ்டாங். 900 குதிரைசக்தி! அப்பாவின் அம்பாஸடருக்குச் சுமார் 50. அதாவது, பதினெட்டு அம்பாஸடர்களை ஒன்றாகக் கட்டி இழுத்த மாதிரி. வேடிக்கை என்னவென்றால், மின்சார வண்டிக்குக் கியர் மாற்றவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஓட்டுகிறவரின் கை சும்மா இருக்க வேண்டாமே என்று ஆறு கியரும் கிளட்ச்சும் வைத்திருந்தார்கள்!

செவர்லே அரங்கில் அதைவிட வேடிக்கை. 1962 மாடல் பழைய பிக்கப். என்ஜினைக் கழற்றிவிட்டு இரண்டு மின் மோட்டார்கள் வைத்திருந்தார்கள். சுமார் 450 குதிரைசக்தி. சத்தமே வராது. ‘சத்தமில்லாமல் ஒரு லாரியா?’ என்று அவர்களுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது... ஒலிபெருக்கி வைத்து, பெட்ரோல் என்ஜின் மாதிரி உறும விட்டார்கள்!

‘ஸ்பீட்கோர்’ என்ற பட்டறைக்காரர்கள் 1968 மாடல் டாட்ஜ் சார்ஜரின் என்ஜினை முன்னாலிருந்து பிடுங்கி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ‘பாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ வரிசையின் ஒன்பதாவது படத்துக்கான கார் அது.

மூன்றாம் நாள், ஒரு லாரியை வெண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டிருந்த பையனிடம் மெதுவாகக் கேட்டேன்: ‘‘தம்பி, இது எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?’’

சிரித்தான். ‘‘ட்ரெய்லர்ல ஏத்தித்தான் கொண்டுவந்தோம் சார். முந்தாநாள் ராத்திரி பார்க்கிங்லதான் ஸீட்டே மாட்டினோம். வயரிங் ஊருக்குப் போய்த்தான்!’’

‘‘அப்ப, ஓடாது?’’

‘‘இப்போதைக்கு நிக்கும்!’’

அங்கே இது சகஜமாம். கடைசி ராத்திரி வரை ஸ்பானர் பிடித்து, விடிந்ததும் அரங்கில் நிறுத்துவார்களாம். அதற்காக எல்லாமே பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். 2016 ஷோவில் டொயோட்டா 2,000 குதிரைசக்தியில் ஒரு லேண்ட் க்ரூஸரை நிறுத்தியது. ‘சும்மா படம் காட்டறாங்க’ என்றவர்களின் வாயை 2017 மே மாதம் அடைத்தார்கள்... கலிஃபோர்னியாவின் மொஹாவி விமான தளத்தில் அது ஓடிய வேகம் மணிக்கு 370 கிலோமீட்டர்!

முதலாளிக்கு இரண்டு விசாரணைகள் கிடைத்தன. எனக்கு ஒரு கனவு கிடைத்தது. ஹோட்டல் பேப்பரில் படமே போட்டுவிட்டேன். அம்பாஸடருக்குக் கறுப்பு பெயிண்ட், இருபது இன்ச் சக்கரம், உள்ளே மோட்டார்!

ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தோடு புதுப்பேட்டைக்கு ஓடினேன். எந்த வண்டிக்கும் எந்தப் பாகமும் கிடைக்கிற நம்ம ஊர் லாஸ் வேகாஸ் அதுதானே! மெக்கானிக் படத்தைப் பார்க்கவே இல்லை. ‘‘ஆர்.சி. புக் எங்கண்ணே?’’ என்றார்.

விஷயம் இதுதான். கம்பெனி தயாரித்த அமைப்புக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட், மின்சார கிட் என்றால் முறைப்படி பொருத்தி ஆர்.சி.யில் பதியலாம். மற்றபடி சக்கரத்தைப் பெரிதாக்குவது, சைலன்ஸரை அலற விடுவது... அபராத ரசீதுக்கு நாமே அழைப்பிதழ் வைப்பதுதான்.

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அமெரிக்கக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘அதெல்லாம் ஓடுமாடா?’’

‘‘சிலது ஓடாதுப்பா.’’

‘‘ஓடாத வண்டிக்கு எதுக்குடா பெயிண்ட்? பிரேக்கைப் பாரு முதல்ல.’’

நாலு வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குமேல் எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

படத்தைக் கிழித்துப் போட்டேன். பிரேக், ரேடியேட்டர், கார்புரேட்டர், வயரிங் என்று ஒவ்வொன்றாகப் புதுப்பேட்டையில் தேடினோம். அம்பாஸடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனாலும், பாகத்துக்குப் பஞ்சமில்லை. பெயிண்ட் அதே பழைய வெள்ளை. நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021-ல்தான் எஃப்.சி. வாங்கினோம். ஸ்கூட்டர்கள் இன்னமும் வாசலில்தான். மனைவி இன்னமும் மன்னிக்கவில்லை!

வண்டிக்கு ஐம்பது வயசு ஆனதும் தம்பி ஒரு யோசனை சொன்னான். 2021-ல் வந்த விதிப்படி, மாற்றம் செய்யாத ஐம்பது வயசு வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதியலாம். தனி நம்பர் பிளேட், தனி மரியாதை. ஆனால் கண்காட்சி, ராலி, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். தினசரி உபயோகம் கூடாது.

அப்பா யோசிக்கவே இல்லை. ‘‘அப்ப கீரை வாங்க எதுல போறது?’’

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட் பக்கம் வந்தால் பாருங்கள். வெள்ளை அம்பாஸடரை ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து, ‘‘கியரை மாத்துடா, என்ஜின் அழுது பார்’’ என்று அதட்டுகிறவர் அப்பா.