பட்ஸி கரடியின் பெயரில் பணம் கேட்பது யார்?

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட மஞ்சள் கரடியோடு பிபிசியில் 'சில்ட்ரன் இன் நீட்' தொடங்கும். தொகுப்பாளர் டெரி வோகன் முதலானோர் 1980-இல் தொடங்கி வைத்த இந்த நிதி திரட்டும் இரவில் 1985 முதல் பட்ஸி கரடிதான் சின்னம். பாடகர்களும் நடிகர்களும் மேடையேறுவார்கள்; சேரும் பணம் பிரிட்டனில் வறுமையிலும் நோயிலும் தவிக்கும் பிள்ளைகளுக்காக உழைக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கு மானியமாகப் போகும்.

நல்ல காரியம்தான். ஆனால் மோசடிக்காரர்களுக்கும் இது அறுவடைக் காலம். கரடிப் படத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் வந்த இணைப்பைத் தொடாமல், அதிகாரபூர்வ இணையதளத்துக்கு நீங்களே போய்க் கொடுங்கள். இந்த அறக்கட்டளையின் பதிவு எண் 802052. சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். பணம் அனுப்பும்போது கணக்கின் பெயர் பொருந்தவில்லை என்று வங்கிச் செயலி எச்சரித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "அறக்கட்டளைக் கணக்கில் கோளாறு, என் கணக்கில் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பெரிய பெயரும் தவறும். 2005-இல் இதே நிகழ்ச்சியின் ஸ்காட்லாந்துப் பகுதியில், போட்டியில் வென்றவர் என்று இல்லாத ஒருவரின் பெயரை அறிவித்தார்கள். இதற்கும் வேறு சில நிகழ்ச்சிகளின் முறைகேடுகளுக்குமாகச் சேர்த்து 2008-இல் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் பிபிசிக்கு 4 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. கேள்வி கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நன்கொடைப் படிவத்தில், வரிச் சலுகைக்கான 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் பலர் யோசிக்காமல் டிக் போடுகிறார்கள். நீங்கள் 10 பவுண்ட் கொடுத்தால் அரசு 2.50 பவுண்ட் சேர்த்துத் தரும். ஆனால் அந்த அளவுக்காவது அவ்வாண்டு நீங்கள் வரி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வித்தியாசத்தை வரித்துறை உங்களிடம்தான் கேட்கும். வேலையிடத்தில் உண்டியல் வைத்துத் திரட்டிய பணத்துக்கு உங்கள் பெயரில் டிக் போடக் கூடாது. லாட்டரிச் சீட்டு வாங்கிய காசுக்கும் இது பொருந்தாது. இங்கிலாந்தில் 40 சதவீத வரி கட்டுபவரோ, அந்தப் பத்துப் பவுண்டில் 2.50 பவுண்டைத் தாமே திரும்பக் கோரலாம். பலர் கோருவதே இல்லை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 159 என்ற எண்ணை அழைத்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைப்பார்கள். பிரிட்டனுக்குள் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவருக்கு, 2024 அக்டோபர் 7 முதல் 85,000 பவுண்ட் வரை வங்கி ஈடு தர வேண்டும். 100 பவுண்ட் வரை பிடித்துக்கொள்ளலாம். மிகுந்த அலட்சியம் என்று நிரூபித்தால் மறுக்கவும் செய்யலாம். 13 மாதத்துக்குள் கோருவது அவசியம். அட்டையில் கட்டியிருந்தால் இந்த விதி பொருந்தாது, கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' முறையை வங்கியிடம் கேளுங்கள். சந்தேகமான குறுஞ்செய்தியை 7726-க்கு அனுப்புங்கள். உண்மையான அறக்கட்டளையே நச்சரித்தால் முதலில் அவர்களிடமும், பதில் சரியில்லை என்றால் ஃபண்ட்ரெய்சிங் ரெகுலேட்டரிடமும் முறையிடலாம்.

லண்டனில் நம்மவர்கள் நடத்தும் நட்சத்திர இரவுகளுக்கும் இதே அளவுகோல்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் அறக்கட்டளை பொதுவாகப் பதிவு செய்திருக்க வேண்டும். டிக்கெட் விற்க வருபவர் தெரிந்த அண்ணனாகவே இருக்கட்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.