பாலைவனத்தில் நீர் காத்த கார்கள்

மோட்டார் எஞ்சினுக்கு வேகத்தைவிட மந்தகதியே பெருஞ்சோதனை. தாழ்ந்த கியரில் மணலை உழுது செல்லும் வண்டியில் எஞ்சின் கடுமையாக உழைக்கும். றேடியேற்றரிற் படும் காற்றோ சொற்பம். நீர் கொதித்து ஆவியாய் வெளியேறும். பாலைவனத்தில் அவ்வாறு வீணாகும் நீர் பயணிகளின் குடிநீரேயாம்.

1920களின் பிற்பகுதியில் எகிப்திலிருந்து லிபியப் பாலைவனத்துக்குப் போட் கார்களிற் சென்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி றால்ஃப் பாக்னோல்டும் தோழர்களும் இதற்கு எளிய வழி கண்டனர். றேடியேற்றரின் ஆவியைக் குழாய் மூலம், வண்டியின் பக்கத்தே பொருத்திய, பாதி நீருள்ள பாத்திரத்துட் செலுத்தினர். ஆவி அங்கே குளிர்ந்து நீராயிற்று. அந்நீரும் கொதித்தால் வண்டியைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவர். றேடியேற்றர் ஆறியதும் அதனுள் அமுக்கம் குறைய, பாத்திரத்து நீர் தானே உள்ளே மீளும். 1940இல் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையின் வண்டிகளிலும் இச்சாதனம் இருந்தது. இன்றைய கார்களின் மேலதிக நீர்க்கலமும் இத்தத்துவத்தையே தழுவியது.

ஜீப்புக்குப் பெரிய ரயர்கள் பூட்டிக் காடுமேடு ஏறுவோர் கியர்ப்பெட்டியையும் மறத்தலாகாது. தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் பளுவினாற் சூடேறும். பல வண்டிகளில் அச்சூடு றேடியேற்றர் நீரையே சேர்கிறது. ஆகவே எண்ணெய்க்குத் தனிக் குளிராக்கி அமைத்தலும், றேடியேற்றரின் முன்புறத்தை விளக்குகளால் மறையாதிருத்தலும் நன்று. ஆவி எழுந்தால் வண்டியை நிறுத்துக; ஆறுமுன் மூடியைத் திறவற்க.