வாதம் வந்த பிறகும் பீடியா?

கை கால் விழுந்தவருக்கு மாத்திரை எவ்வளவு முக்கியமோ, புகையை விடுவதும் அவ்வளவு முக்கியம்.

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால் குடும்பமே ஓடும். நகையை அடகு வைத்தாவது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பார்கள். வீடு திரும்பியவருக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. இவ்வளவுக்கும் நடுவே தலையணைக்கு அடியில் பீடிக்கட்டு இருக்கும். "வர்றது வந்துருச்சு, இனிமே என்ன ஆகப் போகுது?" என்பார். மனசு கேட்காமல் மகனே வாங்கிக் கொடுப்பதும் உண்டு.

இனிமேல்தான் ஆகும். ஒருமுறை வாதம் கண்டவருக்கு அது மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முதல் முறை தப்பிய பேச்சும் நினைவும் அடுத்த முறை போய்விடலாம். புகையின் நிக்கோட்டின் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் புண்பட்டு, ரத்தம் எளிதில் உறைகிறது. அடைப்பால் வாதம் வந்தவருக்கு, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு, உறைய வைக்கும் புகையையும் நாமே பற்றவைத்துக் கொடுக்கிறோம்.

வேறு ஆபத்துகளும் உண்டு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவுத்துகள் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். புகையால் கெட்ட நுரையீரல் அதைத் தாங்காது. மரத்துப்போன விரலில் நெருப்புச் சுட்டாலும் தெரியாது.

"கொறச்சுட்டேன், ஒண்ணே ஒண்ணுதான்" என்பதும் காப்பாற்றாது. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் பக்கவாத ஆபத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே சிகரெட்டில் வந்துவிடுவதாகச் சொல்கிறது. பீடிக்கு ஃபில்டரும் கிடையாது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்குப் புகை நல்லது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அந்த நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு நிக்கோட்டின் பட்டை ஒட்டிப் பார்த்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. நோயின் வேகம் குறையவில்லை.

விட்டால் பலன் நிச்சயம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 26 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து, 1988-இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்டவர்களின் பக்கவாத ஆபத்து 2 ஆண்டுகளில் கணிசமாகக் குறைந்தது. 5 ஆண்டுகளில் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கியது.

விட உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். புகையை விடுவதற்கு மாத்திரை கேட்பவர்கள், வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். அதற்குத் தரப்படும் பியூப்ரோபியான் மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடியது.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வாதம் வந்தவர் பீடி இல்லாமல்தான் இருந்தார். விடுவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. வீட்டுக்கு அழைத்துவரும் அன்றே ஒரு முடிவு எடுங்கள்: கேட்டாலும் கோபித்தாலும், இனி இந்த வீட்டில் யாரும் பீடி வாங்கி வருவதில்லை.