நீர் மாத்திரை

இரத்தக் கொதிப்புக்காக நான் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளுள் ஒன்றை எங்கள் வீட்டில் 'நீர் மாத்திரை' என்பார்கள். மருத்துவ நூல்கள் அதனைச் சிறுநீர்ப்பெருக்கி என்று குறிக்கும். அது புதிதாக நீரை உண்டாக்குவதன்று.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியது உப்புடன் மீண்டும் இரத்தத்தை அடைகிறது. உப்பு திரும்பும் வழியை இம்மருந்து ஓரளவு அடைக்கிறது. உப்பு போகும் வழியே நீரும் போகும். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர் உடனே பிடித்துக்கொள்வர்.

இதயம் தளர்ந்தவருக்குக் கால்கள் வீங்கும். நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும். அந்நிலையில் ஃப்யூரோசெமைடு ஊசி போட்டபின் மூச்சு எளிதாவதைக் கண்டவர் எவரும் இம்மருந்தை இகழமாட்டார். 1958இல் குளோரோதயாசைடு மாத்திரை வருமுன், இத்தகைய வீக்கத்துக்குப் பாதரசம் சேர்ந்த ஊசியையே போட்டுவந்தார்கள்!

நோயாளியின் உடலில் இருப்பது மிகைநீர். விளையாட்டு வீரனிடம் அம்மிகை ஏது? எனினும் மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் ஆகியவற்றில் எடை பார்த்தே பிரிவு வகுக்கிறார்கள். இரண்டு கிலோ குறைந்தால் தன்னினும் சிறிய உடலினனை எதிர்க்கலாம் என்னும் ஆசை எழுகிறது. வேறு ஊக்கமருந்து உண்டவனோ, சிறுநீரை நீர்க்கச் செய்து தடயத்தை மறைக்க இதை நாடுகிறான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பல்கேரியப் பளுதூக்கு வீரர்களான மிட்கோ கிராப்லெவ், ஆங்கெல் கெஞ்செவ் இருவரின் தங்கப் பதக்கங்களும் ஃப்யூரோசெமைடு கண்டறியப்பட்டதால் பறிக்கப்பட்டன. அவர்தம் அணியே போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. 2003 உலகக் கோப்பையின் தொடக்கத்தில் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் தாயகம் திரும்ப நேர்ந்ததும் இவ்வகை மாத்திரையால்தான். தாயார் கொடுத்தது என்றார். ஓராண்டுத் தடை நீங்கவில்லை.

பதக்கம் போனது போகட்டும். தராசில் குறைந்தது கொழுப்பன்று, குருதியின் நீர். அது சுண்டினால் வியர்வை குன்றி, உடற்சூடு தணியாது. நீருடன் பொட்டாசியமும் வெளியேறுவதால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிரே போகலாம். என் மருத்துவர் அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்துப் பொட்டாசியத்தின் அளவைப் பார்க்கிறார். களத்திலுள்ள இளைஞனுக்கு அதைப் பார்ப்பவர் யார்?

போட்டிக்கு முன் உங்கள் பிள்ளைக்கு யாரேனும் மாத்திரை கொடுத்தால், அதன் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கெண்டைக்கால் இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அவன் சொன்னால், எடை பார்க்கும் இடத்துக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.