சூடு கெடுத்ததா, உப்பு தின்றதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குருநகரிலோ மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ ஒரு போட்டின் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், திருத்த எவ்வளவு முடியும், புதிது எவ்வளவு வரும் என்ற கணக்குத்தான் முதலில் போடப்படுகிறது. அதற்கு முன்னால் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எஞ்சினைக் கெடுத்தது சூடா, உப்பா? சூடென்றால் பெரும்பாலும் திருத்தலாம். உப்பென்றால், எவ்வளவு மலிவாகத் திருத்தினாலும் நட்டம். காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய அவுட்போட் மோட்டரைப் போலவே இன்றைய யமஹாவிலும் மேலே எஞ்சின், நடுவில் நெட்டாக இறங்கும் தண்டு, அடியில் கியர்ப் பெட்டியும் விசிறியும். காருக்கு உள்ளதுபோல் றேடியேற்றர் கிடையாது. கீழே சுழலும் சிறிய றப்பர்ச் சில்லு ஒன்று கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ள, அது சிலிண்டரைச் சுற்றி ஓடிக் குளிர்வித்துவிட்டு வெளியேறுகிறது. எஞ்சினைக் காப்பாற்றும் நீரே அதை அரிக்கும் நீருமாகிறது.

றப்பர் இதழ் உடைந்தோ, வழியில் உப்பும் மணலும் அடைத்தோ நீர் நின்றால், அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டர்ச் சுவரோடு உரசி இறுகிவிடும். கழற்றிப் பார்ப்பவருக்கு அந்தக் கீறல்கள் பயத்தைத் தரும். ஆனால் உள்ளே வார்ப்பிரும்புச் சிலீவ் இருந்தால், அதைச் சற்றே கடைந்து 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டனைப் போடலாம். சிலவேளை அதுகூடத் தேவைப்படாது; கோளாறு வெறும் கரியாகவும் இருக்கலாம். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கிச் சூடேற்றிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் அது முழுதாக எரியாமல் கரி படியும். கரியால் பிஸ்டன் றிங் தன் காடியிலேயே ஒட்டிக்கொண்டால் அமுக்கம் குறையும். ஆகவே ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறைவாகக் காட்டியதும் சுவர் தேய்ந்துவிட்டதென்று முடிவுகட்டுவது அவசரம். கரியை நீக்கி மீண்டும் அளந்து பார்க்கவேண்டும்.

உப்பின் அடையாளம் வேறு. ஆணிகள் கழலாமல் முறியும்; நீரோடும் வழிகளில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும்; கஸ்கெற் அமரும் முகத்தில் குழிகள் தெரியும். உருக்கு ஆணியும் அலுமினியமும் உப்புநீரில் சேரும்போது அவை ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியமே கரைந்துபோகிறது. ரூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இது இன்னும் கொடியது. அதில் காற்றும் எரிபொருளும் முதலில் கிராங்க் அறைக்குள் அமுக்கப்பட்டே சிலிண்டருக்குப் போகின்றன. எரிபொருளில் கலந்த ஒயில்தான் பெயாரிங்குகளுக்கு மசகு. அறையின் இணைப்பு முகம் அரிபட்டுக் காற்று புகுந்தால் கலவை மெலிந்து, போன கிழமை போட்ட பிஸ்டனும் சூட்டில் இறுகும்.

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் உதிரிப்பாகமில்லாமலே எதையும் ஓடவைத்த மண்ணில், உப்பு தின்ற எஞ்சினைக் கழித்துவிடச் சொல்வது தகுமா என்று கேட்கலாம். அந்தக் கைத்திறன் பெரியது. ஆனால் அன்று வேறு வழியில்லாமல் செய்ததை இன்று விதியாக்க வேண்டியதில்லை. கழித்த எஞ்சினின் கியர் ஒயில் நீர் புகுந்து பால்போல் வெளுக்காமலிருந்தால், அந்தப் பெட்டி இன்னொரு எஞ்சினை வாழவைக்கும். மறுபக்கத்தில், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிய பின், சிக்கனமான புதிய ஃபோர்-ஸ்ட்ரோக்கே மேல் என்பவர்களும் உண்டு. சிக்கனம் உண்மைதான். ஆனால் அதற்குப் பெற்றோல் வேண்டும், பாரமும் கூட. அதே ஆண்டு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது இறக்குமதி எஞ்சினின் விலையும் ஏறியது. திருத்தக்கூடிய எஞ்சினை வைத்துக்கொண்டு அந்தக் கடனை ஏற்பது நியாயமாகப் படவில்லை.

திருத்துவதற்கு எதிரான மிகக் கனமான மறுப்பு உயிரைப் பற்றியது. பாக்கு நீரிணையில் எஞ்சின் நின்றால் நீரோட்டம் போட்டை 1974இல் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கு அப்பாலும் இழுத்துவிடும். அதனால்தான் இறுகியதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பிஸ்டன் மட்டும் மாற்றுவதை ஏற்கமுடியாது. நீரை மேலே தள்ளும் பம்பைக் கவனிக்காவிட்டால் புது எஞ்சினும் நிற்கும். திருத்தியதை முதலில் நீர் நிறைந்த பீப்பாவில் ஓட்டி, பக்கத்தால் பீச்சும் தாரை தளர்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு ஒயிலைச் சற்றுக் கூட்டிக் கலந்து, முதல் பத்து மணித்தியாலமும் கடனீரேரிக்குள்ளேயே, கரை கண்ணில் தெரியும் தூரத்தில், மெதுவாக ஓட்டவேண்டும்.