உறுமியும் உதவித்தொகையும்



நம் தோட்டத்துக் கோயில்களில் காவடி புறப்பட்டால் உறுமி முழங்க வேண்டும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசி, மறுபக்கத்தைக் குச்சியால் தட்டி எழுப்பும் ஓசை அது. உரசும் கையின் அழுத்தத்தை ஏட்டைப் பார்த்துப் படிக்க முடியாது. வாத்தியாரின் அருகில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் பட்டணங்களுக்குச் சிதறியபோது, பல இடங்களில் அந்தப் பழக்கம் அறுந்தது.

தமிழ்நாட்டில் இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் நிதி வழங்குகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகளும் வாங்க உதவுகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007இல் நல வாரியமும் அமைந்தது. தேவையான உதவிதான், பசித்திருப்பவரிடம் கலையைக் காப்பாற்றச் சொல்வது என்ன நியாயம்? ஆனால் முதியவருக்குத் தரும் பணம் அவர் காலத்தோடு முடிந்துவிடும். மாணவனுக்கும் ஏதேனும் வேண்டாமா?

நம் நாட்டில், 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம், உயிரோடிருக்கும் ஒருவரையே மரபுடைமையாக அறிவிக்க இடம் தருகிறது. அதே ஆண்டில், பிறைக்கு எதிர்க்கரையிலுள்ள ஜார்ஜ் டவுனில், பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை வாழும் கலைஞர்களுக்கு விருதளிக்கத் தொடங்கியது. ஊதுவத்தி செய்பவரும் சொங்கோக் தைப்பவரும் அதனைப் பெற்றனர். பின்னர் இளையோரை இத்தகைய கைவினைஞர்களிடம் பயில வைக்கும் திட்டத்தையும் அவ்வமைப்பு நடத்தியது. நமக்கு இதுவே மேலாகப் படுகிறது.

உறுமிக்கும் இதைச் செய்யலாம். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வாத்தியாருக்குச் சம்பளமும் பயிலும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் தருவது கோயில் நிர்வாகங்களுக்குப் பெரும் சுமையாகாது.