கடலுக்கடியில் ஒரு கம்ப்யூட்டர்: பேட்டரியை நாமே மாற்றலாமா?

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ்தான் நம் கண்முன் வரும். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கடலுக்குள் குதிக்கிற கம்ப்யூட்டரும் இருக்கிறது. அதன் பெயர் டைவ் கம்ப்யூட்டர். முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்து ஆழத்துக்குப் போகிற ஸ்கூபா டைவர்கள் பயன்படுத்துவது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? உங்கள் டெஸ்க்டாப்பின் மதர்போர்டிலும் காசு வடிவத்தில் ஒரு பேட்டரி இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரின் பேட்டரியைக் கழற்றினாலும் சில டேட்டா அழியும், சில அழியாது. எது அழியும் என்று தெரிந்துகொண்ட பிறகே கை வைக்கவேண்டும். கல்லூரியில் நான்கு வருடம் மெமரி பற்றிப் படித்த நான், இதை ஒரு படகில் உட்கார்ந்துதான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன்.

படகில் நடந்தது

நான் சென்னையில் சாப்ட்வேர் என்ஜினியர். நண்பர்களோடு அந்தமானுக்குப் போயிருந்தேன். ஹேவ்லாக் என்று நாம் சொல்லிப் பழகிய தீவு, 2018 முதல் ஸ்வராஜ் த்வீப். காலையில் முதல் டைவ். 17 மீட்டர் ஆழம், சுமார் 40 நிமிடம். மேலே வந்து படகில் ஏறியதும் பார்த்தால், என் டைவ் கம்ப்யூட்டரில் பேட்டரி குறைவு என்ற அடையாளம் மின்னுகிறது. அடுத்த டைவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

நண்பன் பையில் புது பேட்டரி வைத்திருந்தான். "அஞ்சு நிமிஷ வேலைடா, மாத்திடலாம்" என்றான். நானும் காசு ஒன்றை எடுத்து மூடியைத் திருகப் போனேன். எங்கள் பயிற்சியாளர் தமிழ்க்காரர், வயதில் மூத்தவர். பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "மாத்துங்க தம்பி. ஆனா மாத்தினா இன்னைக்கு நீங்க இறங்க முடியாது."

எனக்குப் புரியவில்லை. புது பேட்டரி போட்டால் நன்றாகத்தானே வேலை செய்யும்?

"வேலை செய்யும். ஆனா காலைல நீங்க கடலுக்குள்ள இருந்தது அதுக்கு ஞாபகம் இருக்காது. உங்களைப் புது ஆள்னு நினைச்சுக்கும்."

"அப்போ வேற யாரோடதாவது வாங்கிக் கட்டிக்கிறேன்."

"அதுக்கு மட்டும் உங்க காலை டைவ் தெரியுமா?"

அன்று மதியம் மற்றவர்கள் இறங்கினார்கள். நான் படகில் உட்கார்ந்திருந்தேன்.

அது என்ன கணக்கு போடுகிறது?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் நம் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரையும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். வேகமாக வந்தாலோ, அளவுக்கு மீறிக் கரைந்திருந்தாலோ, சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். மூட்டு வலி, மரத்துப்போதல், பக்கவாதம், சில நேரம் மரணம் வரை கொண்டுபோகும்.

இதைத் தடுக்கத்தான் டைவ் கம்ப்யூட்டர். அதில் உள்ள சென்சார் சில வினாடிகளுக்கு ஒரு முறை அழுத்தத்தை அளக்கிறது. புராசசர் அதை வைத்து உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று கணக்கிடுகிறது. "இந்த ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிடம் இருக்கலாம்" என்று திரையில் காட்டுகிறது.

இந்தக் கணக்கின் அடிப்படை பழையது. ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல் உடம்பை 5 கற்பனைப் பகுதிகளாகப் பிரித்தார். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மனின் மாடலில் 16 பகுதிகள். ஒரு பகுதி பாதியளவு நிரம்ப அல்லது பாதியளவு காலியாக எடுக்கும் நேரம் 'அரை நேரம்'. வேகமான பகுதிக்கு 4 நிமிடம். மிக மெதுவானதற்கு 635 நிமிடம்.

பாதி, பாதியின் பாதி என்று குறைந்துகொண்டே போவதால், கிட்டத்தட்ட முழுவதும் காலியாக 6 அரை நேரம் ஆகும். 635-ஐ 6-ஆல் பெருக்கிப் பாருங்கள். 63 மணி நேரத்துக்கு மேல் வருகிறது! அதாவது நீங்கள் கரையேறி, குளித்து, சாப்பிட்டுத் தூங்கினாலும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் உள்ளே கணக்கு போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. திரை அணைந்திருப்பதால் அது தூங்குகிறது என்று நினைக்காதீர்கள்.

எது அழியும், எது அழியாது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? சேவ் செய்த பைல் ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். சேவ் செய்யாதது ராம் மெமரியோடு போய்விடும். டைவ் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

சூன்டோ நிறுவனத்தின் ஜூப் என்ற பிரபலமான மாடலை எடுத்துக்கொள்வோம். பேட்டரியை மாற்றினால் பழைய டைவ் பதிவுகள் அழியாது. உயரம், அலாரம் போன்ற செட்டிங்குகளும் இருக்கும். கடிகார நேரம் போய்விடும். உடம்பில் சேர்ந்துள்ள நைட்ரஜன் கணக்கு மொத்தமாக அழிந்துவிடும்.

இதில்தான் ஆபத்து. லாக் புத்தகத்தைத் திறந்தால் காலை டைவ் அப்படியே தெரியும். "எல்லாம் இருக்கிறதே" என்று நம்பிவிடுவோம். ஆனால் அடுத்த டைவுக்கான கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். உடம்பில் நைட்ரஜன் மீதம் இருக்க, கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும். தவறாகக் காட்டுகிறோம் என்ற எச்சரிக்கைகூட வராது. ஏனென்றால் அதைப் பொறுத்தவரை கணக்கு சரி.

சில புதிய மாடல்கள் இந்தக் கணக்கையும் அழியாத மெமரியில் எழுதி வைக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்பதை மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

நாமே மாற்றலாமா?

மூன்று வகை உண்டு. முதலாவது, பின்பக்கம் காசை வைத்துத் திருகக்கூடிய மூடி உள்ளவை. இவற்றை நாமே மாற்றலாம். இரண்டாவது, கைக்கடிகார வடிவில், சின்ன ஸ்க்ரூக்களால் முழு உடலும் மூடப்பட்டவை. இவற்றில் பலவற்றை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, அழுத்த சோதனையும் செய்து வாங்குவதே நல்லது. மூன்றாவது, செல்போன் போல சார்ஜ் செய்பவை. இவற்றைத் திறக்கவே கூடாது.

முதல் வகைக்கான வழிமுறை இதோ.

1. கடைசி டைவ் முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாருங்கள். விமானப் பயணத் தடை நேரம் பூஜ்யமாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், மாற்றிய பின் 48 மணி நேரம், முடிந்தால் 100 மணி நேரம் வரை டைவ் செய்யக்கூடாது என்பதே ஜூப் போன்றவற்றின் மேனுவல் சொல்வது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் மாற்றிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

2. சரியான பேட்டரியை வாங்குங்கள். அதன் எண்ணிலேயே அளவு இருக்கிறது. சி.ஆர்.2450 என்றால் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர், தடிமன் 5.0 மில்லிமீட்டர். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032-க்கு விட்டம் 20, தடிமன் 3.2. இரண்டும் 3 வோல்ட்தான் என்று மாற்றிப் போடாதீர்கள். கூடவே புதிய ஓ-ரிங் உள்ள கிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

3. கம்ப்யூட்டரை நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். மூடி இடுக்கில் உப்பும் மணலும் ஒளிந்திருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெளிச்சமான இடத்தில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள்.

4. மூடியைத் திறந்து, பேட்டரி எந்தப் பக்கம் மேலாக இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். இரும்பு இடுக்கி வேண்டாம். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

5. ஓ-ரிங் என்பது குக்கர் கேஸ்கட் மாதிரி. தண்ணீரைத் தடுப்பது அந்த ரப்பர் வளையம் ஒன்றுதான். ஊசியால் குத்தி எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் அட்டையின் முனையால் நெம்புங்கள். பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையத்தை முறுக்கில்லாமல் பொருத்துங்கள். மேனுவல் சொன்னால் மட்டும் சிலிக்கான் கிரீஸ், அதுவும் பளபளப்பு தெரியும் அளவுக்குத்தான். வாஸ்லின், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது.

6. புது பேட்டரியை ஓரத்தில் பிடித்து வையுங்கள். மூடியை நேராக வைத்து அழுத்தித் திருகுங்கள். மறை மாறி ஏறினால் உடனே நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு? 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். 30 மீட்டர் ஆழத்தில் கடல் நீர் அதன்மீது சுமார் 21 கிலோ எடையளவு அழுத்தும். ஒரு தலைமுடி குறுக்கே இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும்.

மாற்றிய பிறகு

திரை உயிர் பெற்றதும் நேரம், தேதி, மீட்டரா அடியா, ஆக்சிஜன் சதவீதம் எல்லாவற்றையும் சரிபாருங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் சில நிமிடம் போட்டு, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆனால் டம்ளரில் ஆழத்தின் அழுத்தம் கிடையாது. பெரிய தவறு மட்டுமே இதில் தெரியும். முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில், வேறொரு ஆழமானியும் கடிகாரமும் கையில் இருக்கும்போது செய்யுங்கள்.

பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். காசு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

ஊருக்கு வந்து சில நாட்கள் கழித்து என் கம்ப்யூட்டரின் பேட்டரியை நானே மாற்றினேன். மூடிய பிறகு ஏதோ சந்தேகம். திரும்பத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், துடைத்த பனியன் துணியிலிருந்து ஒரு நூல் ஓ-ரிங்கின் மேல் படுத்திருந்தது! எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி மூடினேன். அடுத்த பயணத்தில் அது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விடவில்லை.

வேலை என்னவோ கால் மணி நேரம்தான். மூடியைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தக் கம்ப்யூட்டர் இப்போது எதை ஞாபகம் வைத்திருக்கிறது, அது எனக்கு இன்னும் தேவையா?" வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைக் கேட்க மறந்தால் ஒரு கடிதம் போகும். கடலில் மறந்தால், அது கணக்கில் வைத்திருந்தது உங்கள் உடம்பை.